யாழினி வரைந்த கூந்தல்

போன மாதம் கோலா குபு பாருவில் ஒரு பயிற்சி. ஓய்வு பெற்றவனை இன்னும் கூப்பிடுகிறார்கள். நானும் முருகன் விட்ட வழி என்று போய்விடுகிறேன். தாய்க்கோ தகப்பனுக்கோ புற்றுநோய் வந்த வீட்டுப் பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் ஒன்றாக உட்கார வைத்து, மனதில் இருப்பதைப் பேச விடும் குழுக்கள், நோயாளிகளுக்கு உதவும் எங்கள் சங்கத்தில் உண்டு. குழுவை நடத்துகிறவர்களைத் துணையாளர் என்போம். அந்தத் துணையாளர்களைப் பழக்குவதுதான் பல வருடங்கள் என் வேலையாக இருந்தது.

மதியச் சாப்பாட்டு வேளையில் கீர்த்தனா என்ற பெண் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பல்கலைக்கழகத்தில் மனநலம் படித்தவள். துடியான பிள்ளை.

"அங்கிள், ஒரு டவுட். பிள்ளைங்க சாமியப் பத்திப் பேசுனா என்னா சொல்றது? சிலைடுல அது மட்டும் இல்லயே."

"நீ என்னா சொல்லுவ?"

"தெரியல லா அங்கிள். அதான் என் கேங்க விட்டுட்டு உங்ககிட்ட வந்து உக்காந்திருக்கேன்."

நான் யாழினியைப் பற்றிச் சொன்னேன். கேட்டு முடித்தவள், "இத எழுதிக் குடுங்க, நம்ம சங்க மலர்ல போடலாம்" என்றாள். படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டாரிடம் கேட்டு, பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

சங்கத்தில் நான் சேர்ந்தது வேன் ஓட்டுநராக. அதற்கு முன் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினேன். புக்கிட் பெலிம்பிங்கில் வீடு. காலையில் விளக்கேற்றி, விபூதி பூசி, சாமி படத்துக்கு முன் இன்றைக்கு யார் யார் வேனில் ஏறுவார்கள் என்று பெயர் சொல்லி வேண்டிக்கொண்டுதான் சாவியை எடுப்பேன். தோட்டங்களிலிருந்து நோயாளிகளைப் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டி வர வேண்டும். பல நாள் அம்மாவோடு பிள்ளையும் வரும். பெரியவர்கள் சாடை மாடையாக நோயைப் பற்றிப் பேசுவார்கள். பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். அது ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது கண்ணாடியில் பார்க்கிற எனக்குத் தெரியும். ஒரு நாள் அதைச் சங்கத்தில் பயிற்சி நடத்திய சிஸ்டர் மெர்சியிடம் சொன்னேன். "அப்படின்னா ஸ்டியரிங்கப் புடிச்சது போதும் மணியம், உள்ள வந்து உக்காருங்க" என்றார். முதலில் துணையாளர், அப்புறம் பயிற்றுநர். நடுவில் வகுப்புகள், தேர்வு எல்லாம் உண்டு. அதையெல்லாம் எழுதினால் எனக்கே தூக்கம் வரும்.

சிஸ்டர் மெர்சியைப் பற்றி எழுதாமல் முடியாது. மருத்துவமனை வார்டில் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கிறிஸ்தவர், அவரும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்தான். உயரமாக, நிமிர்ந்து நடப்பார். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவருடைய பயிற்சியில் நாற்காலி கிடையாது, பாய்தான். பாதிப் பேர் துணையாளராகவும் பாதிப் பேர் பிள்ளைகளாகவும் நடித்துப் பழகுவோம். யாராவது தவறாகப் பேசினால் நிறுத்து என்று சொல்ல மாட்டார். உள்ளங்கையைப் பாயின் மேல் மெதுவாக வைப்பார். எல்லாரும் அப்படியே நிறுத்திவிட வேண்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இப்ப அந்தப் புள்ள வீட்டுக்கு என்னா எடுத்துட்டுப் போவும்?"

அவ்வளவுதான். விடையை நாமே தேட வேண்டும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவர் வகுத்த முறைகளைத்தான் இன்றும் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளை வருவதற்கு முன் பெற்றோரைத் தனியாகப் பார்த்து, நோய்க்கு வீட்டில் என்ன பெயர் சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். கட்டி என்றிருப்பார்கள், வயிற்று வலி என்றிருப்பார்கள், அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். ஒரு துணையாளர் வட்டத்தில் உட்கார வேண்டும். இன்னொருவர் கதவோரம் இருக்க வேண்டும், எழுந்து ஓடும் பிள்ளையோடு கூடவே போவதற்கு. டிஷ்யூ பெட்டி பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும், நாம் எடுத்து நீட்டக் கூடாது. நீட்டினால் அழுகையை நிறுத்து என்று அர்த்தம். பிள்ளை பேசும்போது நம் இரண்டு கைகளும் நம் முழங்காலில். இந்த நோய் வந்த வீட்டுப் பிள்ளைக்கு மூன்று பயம் இருக்கும்: என்னால் வந்ததா, எனக்கும் ஒட்டிக்கொள்ளுமா, என்னை யார் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளை எதைப் பேசினாலும் இந்த மூன்றில் ஒன்று அடியில் இருக்கும், அதற்குக் காது கொடுங்கள் என்பார் சிஸ்டர்.

நம் ஆட்களுக்கு இதில் கஷ்டமே கையை முழங்காலில் வைப்பதுதான். பத்தாங் பெர்ஜுந்தாயில் தமிழ்க் குழு தொடங்கியபோது சுற்றுத் தோட்டங்களிலிருந்து வந்த பெண்கள்தான் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். ஒரு பிள்ளை உதட்டைப் பிதுக்கினால் போதும், நாலு பக்கத்திலிருந்தும் முறுக்கும் சூடான மிலோவும் வந்துவிடும். "சாப்டியா கண்ணு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். வாயில் முறுக்கோடு எந்தப் பிள்ளை பேசும்?

அவர்களில் புஷ்பம் கெட்டிக்காரி. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை, வெள்ளிக்கிழமை கோயிலில் பஜனை. பிள்ளைகள் அவளை விட்டு நகராது. என்னைவிடப் பெரிய துணையாளராக வருவாள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அவளுடைய குழுவில்தான் யாழினி வந்தாள்.

பத்து வயது. அம்மா லெட்சுமிக்கு மார்பில் புற்றுநோய், கீமோ முடிந்து அடுத்த சோதனைக்குக் காத்திருந்தார்கள். யாழினி யாரோடும் பேச மாட்டாள். தலையை வாரவும் விட மாட்டாள். இடுப்பு வரை முடி, எண்ணெய் இல்லாமல் சிக்குப் பிடித்துக் கிடக்கும். "சீப்பத் தொட்டா கத்துறாண்ணே" என்று லெட்சுமி என்னிடம் சொல்லியிருந்தாள். நாங்கள் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஒரு சனிக்கிழமை பிள்ளைகளிடம் வீட்டில் இருப்பவர்களை வரையச் சொல்லியிருந்தோம். யாழினி அம்மாவை மொட்டைத் தலையோடு வரைந்தாள். பக்கத்தில் கோயில். கோயிலுக்குள் மாரியம்மன். அம்மன் கையில் சூலம் இல்லை, நீளமாக ஒரு கூந்தல் தொங்கியது.

"இது யாரு முடி கண்ணு?" என்று புஷ்பம் கேட்டாள்.

"எங்க அம்மாவுது."

"அம்மன் கையில ஏன் இருக்கு?"

பிறகு அந்தப் பிள்ளை சொன்னது இது. இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு டெங்கி வந்து பிழைத்ததற்கு, அவள் முடியைக் காணிக்கையாகக் கொடுப்பதாகத் தோட்டத்து மாரியம்மனுக்கு அம்மா வேண்டியிருக்கிறாள். திருவிழா வந்தபோது பள்ளியில் ஆண்டு விழா நடனம். மொட்டை போட்டுக்கொண்டு எப்படி ஆடுவது என்று யாழினி அழுதிருக்கிறாள். சரி, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா விட்டுவிட்டாள். அடுத்த திருவிழா வருவதற்குள் நோய் வந்துவிட்டது.

"நான் குடுக்கல. அதான் அம்மன் எங்க அம்மா முடிய எடுத்துக்கிச்சு."

நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். புஷ்பம் கொஞ்சமும் யோசிக்கவில்லை. பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"இதுக்குப் போயி கலங்குவாங்களா? இப்ப குடுத்துட்டா போச்சு. வர்ற வெள்ளிக்கிழம நானே கூட்டிட்டுப் போயி மொட்ட போட்டுட்டு வரேன். ஆத்தா மன்னிச்சிடுவா. அம்மாவுக்கு நல்லாயிடும்."

யாழினியின் முகம் தெளிந்தது. அன்று முதல் முறையாக மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து ஐந்து கல் ஆடினாள். பார்த்தவர்கள் எல்லாரும் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்திருப்பார்கள்.

பிள்ளைகள் போனதும், அவர்களை வாசலில் வழியனுப்பிவிட்டு வந்த சிஸ்டரிடம் நடந்ததைப் புஷ்பம் சந்தோஷமாகச் சொன்னாள். சிஸ்டர் உள்ளங்கையைப் பாயில் வைத்தார்.

"அந்தப் புள்ள வீட்டுக்கு என்னா எடுத்துட்டுப் போவும்?"

"நிம்மதிய எடுத்துட்டுப் போவும் சிஸ்டர். நீங்களே பாத்தீங்கல்ல, எப்படிச் சிரிச்சிச்சு."

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "மணியம், நீங்க சொல்லுங்க. இது உங்க சாமி விஷயம். நான் வாயத் தொறந்தா வேற மாதிரி ஆயிடும்."

அப்படிப்பட்டவர் அவர். தெரிந்ததையும் யார் வாயால் வந்தால் சரியோ அவர் வாயால் வரவிடுவார்.

நான் கேட்டேன். "புஷ்பம், வெள்ளிக்கிழம மொட்ட போட்டாச்சு. அதுக்கப்புறம் லெட்சுமிக்குச் சோதனையில நோவு இன்னும் இருக்குன்னு வந்தா?"

"ஏண்ணே அபசகுனமா பேசுறீங்க?"

"பேசித்தான் ஆவணும். வந்தா அந்தப் புள்ள என்னா நெனைக்கும்? முடி குடுத்தும் ஆத்தா மன்னிக்கல, நான் அவ்ளோ பெரிய தப்பு பண்ணிட்டேன்னு நெனைக்கும். உன்னால வந்ததில்லன்னு நீ சொல்லல. உன்னாலதான் வந்துச்சு, வா தீத்துடலாம்னு சொல்லிட்ட."

புஷ்பத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப வேண்டுதலு பொய்யா? வருஷா வருஷம் காவடி எடுக்கிறவரு நீங்க. நீங்களா இப்படிப் பேசுறீங்க?"

நியாயமான கேள்வி. வேண்டுதலால் என் வீட்டில் நடந்த நல்லதை நான் மறந்தவன் இல்லை. மனதுக்குள் முருகா என்று ஒரு தரம் கூப்பிட்டுவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

"வேண்டுதலு பொய்யில்ல. வேண்டிக்கிட்டவ லெட்சுமி. தள்ளிப் போட்டதும் அவதான். அதுக்கு ஒரு சின்னப் புள்ளயத் தேடி வந்து, அவ அம்மாவுக்கு நோவு குடுக்கிறதுக்கு மாரியாத்தா என்னா ஆலோங்கா? வட்டி கட்டலன்னு வாசல்ல செவப்பு பெயிண்ட்டு ஊத்திட்டுப் போறதுக்கு?"

கூட இருந்த துணையாளர் பெண்கள் சிரித்துவிட்டார்கள். வட்டிக்குக் கொடுத்து மிரட்டி வசூலிக்கும் அந்த ஆலோங் ஆட்களைப் பார்க்காத குடியிருப்புத் தாமான் இங்கே கிடையாது. புஷ்பத்துக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பிறகு அவள் கண் நிறைந்தது.

"நான் கும்புடுற ஆத்தா அப்படிப்பட்டவ இல்லண்ணே."

"அதச் சொல்றதுக்கு உன்னவிட யாரு இருக்கா? நீ போயி அந்தப் புள்ளகிட்டச் சொல்லு."

"சொல்றேன். ஆனா நீங்களும் வாங்க."

மறுநாள் மாலை நாங்கள் இருவரும் லெட்சுமி வீட்டுக்குப் போனோம். எங்கள் முறைப்படி, பிள்ளை சொன்னதை அதன் அனுமதி இல்லாமல் பெற்றோரிடம் சொல்ல முடியாது. யாழினி வெளிக் குழாயடியில் செருப்புக் கழுவிக்கொண்டிருந்தாள். புஷ்பம் அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"யாழினி, அக்கா நேத்து ஒன்னு சொன்னேன்ல, வெள்ளிக்கிழம போலாம்னு. அக்கா அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். நீ என்கிட்ட சொன்னத அம்மாகிட்ட சொல்லலாமா? அம்மாதான் இதுக்குப் பதில் சொல்லணும்."

"அம்மா அழுவும்."

அம்மா அழாது என்று புஷ்பம் சொல்லவில்லை. பிள்ளையை இழுத்து அணைக்கவும் இல்லை. இரண்டு கையும் முழங்கால் மேல். அவள் விரல்கள் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஒரு செம்பனை லோரி போய்ச் சத்தம் அடங்கியது.

"அழுதா நீங்க இருப்பீங்களா?" என்றாள் யாழினி.

"இருப்பேன்."

"சரி, சொல்லுங்க."

லெட்சுமி கேட்டுவிட்டு அடுப்பங்கரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என் முடி போனதுக்கு எம்மவ பழிய ஏத்துக்கிட்டாளா? இத்தன நாளா அதான் சீப்பத் தொட விடலியா?" அழுதாள். நாங்கள் இருந்தோம். அழுகை ஓய்ந்த பிறகு, பிள்ளையிடம் நோயின் பெயரைச் சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை. அம்மாவுக்குக் கட்டி, ஊசி போடுகிறார்கள் என்பதோடு சரி. முடி கொட்டியது பிள்ளைக்குத் தெரியும், எதனால் என்று யாரும் சொல்லவில்லை. தலையைத் துண்டால் மூடியே வைத்திருந்தாள், பிள்ளை பார்த்துப் பயப்படக் கூடாதென்று.

யாரும் சொல்லாத இடத்தில் பிள்ளை தானாக ஒரு காரணத்தை எழுப்பிக்கொள்ளும். நம் வீட்டுப் பிள்ளைக்குக் கோயில் பக்கத்தில் இருக்கிறது, காரணமும் அங்கிருந்தே கிடைத்துவிடுகிறது.

சிஸ்டரின் முறை, பெற்றோர் பிள்ளையிடம் சொல்வதற்கு முன் ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். லெட்சுமிக்கு வாய் வரவில்லை. "எனக்கு... அது..." என்று அந்த ‘அது’விலேயே நின்றாள்.

"யாரையும் பாக்க வேணாம் தங்கச்சி. அந்தச் சோத்துப் பானையப் பாத்துச் சொல்லு" என்றேன்.

அவள் பானையைப் பார்த்தாள். "எனக்குக் கேன்சர்" என்றாள். பிறகு, "பான ஒன்னும் சொல்லலண்ணே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்போடேயே வெளியே வந்து படியில் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாழி, அம்மாவுக்கு வந்திருக்கிறது கேன்சர். நீ எதுவும் பண்ணி அது வரல. யாரும் பண்ணி வரல. அதுக்குப் போடுற மருந்து ரொம்ப பலமானது, அதுல முடி கொட்டும். அந்த வார்டுல எல்லா அம்மாவுக்கும் கொட்டுச்சு. அம்மன் எடுக்கல, மருந்து எடுத்துச்சு."

"அப்ப வேண்டுதலு?"

"அது நான் அம்மன்கிட்டப் பேசுனது. எனக்கும் அவளுக்கும் உள்ளது. நானே பேசிக்கிறேன். உனக்கு என்னிக்காவது ஆசையா இருந்தா முடி குடுக்கலாம். எனக்கு நோவு தீரணும்னு குடுக்க வேணாம்."

யாழினி புஷ்பத்தைப் பார்த்தாள். புஷ்பம் சொன்னாள்: "ஆத்தா புள்ளைங்கள தண்டிக்க மாட்டா கண்ணு. நெதம் அவளக் கும்புடுறவ நான், எனக்குத் தெரியும். நேத்து அக்கா சொன்னது தப்பு."

லெட்சுமி தலைத் துண்டை அவிழ்த்தாள். துண்டில்லாத அம்மாவின் தலையை யாழினி நேராகப் பார்ப்பது அதுதான் முதல் முறை. புதிதாகக் கறுகறுவென்று முளை விட்டிருந்தது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் நட்டுக்கொண்டு. பிள்ளை நிறைய நேரம் பார்த்தாள். கையை நீட்டித் தடவினாள்.

"ரம்புத்தான் பழம் மாதிரி இருக்கும்மா."

மேலெல்லாம் முடி நட்டுக்கொண்டு நிற்கிற அந்தப் பழத்தை நினைத்து லெட்சுமி சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரம்மா என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார். "என்னாடி லெட்சுமி?" "எம்மவ என்னய ரம்புத்தான்னு சொல்றாக்கா." நாங்கள் கிளம்பும்போது யாழினி எண்ணெய்க் கிண்ணத்தையும் சீப்பையும் எடுத்துக்கொண்டு வந்து அம்மாவின் முன் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். சிக்கெடுத்த வலியில் அவள் கத்தியது கேட் வரை கேட்டது. எனக்கு அது கோயில் மேளம் மாதிரி இருந்தது.

லெட்சுமிக்குச் சோதனை நல்லபடியாக வந்தது, சாமி புண்ணியம். ஆனால் கீர்த்தனாவுக்கு நான் அழுத்திச் சொன்னது, சோதனை முடிவு வருவதற்கு முன்னாலேயே அந்தப் பிள்ளைக்குப் பயம் தீர்ந்துவிட்டது என்பதைத்தான். முடிவு வேறு மாதிரி வந்திருந்தாலும் அது யாழினியின் தலையில் விழுந்திருக்காது.

அடுத்து வந்த சனிக்கிழமைக் குழுவில் தர்ஷன் என்று ஒரு புதுப் பையன் சேர்ந்தான். ஏழு வயது. அப்பாவுக்குக் குடலில் புற்றுநோய். அப்பாவின் காரில் வந்தவன் முன் இருக்கையில் ஏறாமல் பின்னால் ஓரமாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தான். வட்டத்தில் உட்கார்ந்ததும், யாரும் கேட்காமலேயே, பாயைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான் முன்னாடி அப்பா பக்கத்துல படுப்பேன். தூக்கத்துல அப்பா வயித்துல ஒதைப்பேன்."

புஷ்பம் வாயைத் திறப்பதற்குள் யாழினி முந்திக்கொண்டாள். இரட்டைப் பின்னல், ரிப்பன்.

"டேய், ஒதைச்சா வலிக்கும். அவ்வளவுதான். கேன்சர் வராது."

அந்தச் சொல்லை அவள் கணீரென்று சொன்னாள். பெரியவர்கள் நாங்களே அதை அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

"நெசமாவா?"

"நெசமா. எங்க அம்மாவுக்கு நான்தான்னு நெனைச்சேன். இல்லயாம்."

தர்ஷன் புஷ்பத்தின் முகத்தைப் பார்த்தான். "யாழினி சொன்னது சரி" என்றாள் புஷ்பம். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. பயிற்றுநராக நான் பட்ட பாட்டுக்கெல்லாம் முருகன் அன்றைக்கு ஒரே சொல்லில் கூலி கொடுத்துவிட்டான்.

குழு முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். தர்ஷனின் அப்பா காரில் சாய்ந்து நின்றிருந்தார், மெலிந்த மனிதர். பையன் ஓடினான். இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

"அப்பா, இன்னிக்கு உங்க பக்கத்துல படுக்கவா?"

அவருக்கு உள்ளே நடந்தது எதுவும் தெரியாது. மகன் ஏன் இத்தனை நாள் தனியாகப் போய்ப் படுத்தான் என்பதும் தெரியாது.

"படுத்துக்க. ஒதைச்சாலும் பரவால்ல" என்றார்.

தர்ஷன் எங்கள் எல்லாரையும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். பிறகு முன் கதவைத் திறந்து, அப்பாவுக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தான்.